ஒன்பது வரை நின்றவனுக்கு

என் விரல்களில் இன்று மறுபடியும் உன் தைலத்தின் வாசனை. பச்சைப் புட்டியில் வைத்திருப்பாயே, அந்த வின்டர்கிரீன் தைலம்தான். சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டேன், போகவில்லை. சோற்றில் கை வைத்தேன், சோறும் அதே வாசனை. தட்டைத் தள்ளிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் வாசனை என் கைக்கு எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீ எழுந்து போய்விடுவாய் என்று எழுத வந்தேன். போகமாட்டாய். எதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்வாய். அதுதான் உன்னைப் பிடித்த வியாதி.

வெள்ளைக்காரப் பட்டாளம் கன்டோன்மெண்ட்டைக் காலி செய்தபோது அல்சூர் மைதானத்தில் இரண்டு கம்பங்களையும் ஒரே ஒரு பலகையையும் விட்டுப் போயிருந்தது. இன்னொரு பலகையை யாரோ கழற்றி வீட்டுக்குக் கதவாக்கிக்கொண்டார்கள். அந்த ஒற்றைப் பலகையில்தான் நாம் கூடைப்பந்து பழகினோம். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நான் அடுகோடியிலிருந்து சைக்கிளில் வருவேன். நீ அல்சூர் லைன் வீட்டிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருவாய். நீ குட்டை, நான் நெட்டை. அதனால் நீ பந்தைக் கொடுப்பாய், நான் போடுவேன். பத்துப் பதினைந்து வருஷம் இந்த ஏற்பாடு மாறவே இல்லை. கைதட்டல் போட்டவனுக்கு. கொடுத்தவனை யார் பார்க்கிறார்கள்? நானும் பார்த்ததில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஃபேக்டரிக்கு ஆள் எடுத்தபோது நம்மை எடுத்தது பந்துக்காகத்தான். காகிதத்தில் நான் லேத்தில் வேலை பார்க்கும் டர்னர், நீ வார்ப்புப் பட்டறையில் மணல் அச்சு செய்யும் மோல்டர். முதல் இரண்டு வருஷம் அந்த வேலையைச் செய்தோம். கோப்பைகள் இரண்டு வந்ததும் டீம் ஆட்கள் எல்லோரையும் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. மூன்று மணிக்கு கேம்ஸ் சீட்டு வரும். அந்தச் சிவப்புச் சீட்டைக் கேட்டில் காட்டினால் நேரே மைதானம். மற்றவர்களுக்கு ஐந்து மணிச் சங்கு. சீட்டோடு நாம் வெளியே போகும்போது பட்டறைக்காரர்கள் பார்த்த பார்வை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? உனக்குக் கூச்சம். சீட்டை உள்ளங்கையில் மடித்து மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டு நடப்பாய். “அவங்களும் நம்மள மாதிரிதானேடா” என்பாய்.

நமக்குள் இரண்டு ரகசியங்கள் இருந்தன. லேத்தில் இருந்த காலத்தில் ஓர் இரும்புச் சீவல் தெறித்து என் வலது கண்ணில் பாய்ந்தது. கம்பெனி டாக்டரிடம் போனால் வேலையும் போகும், டீமும் போகும். சிவாஜிநகர் கம்பவுண்டர் ஒருவர் எடுத்துவிட்டார். சீவல் வந்தது, பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாக அதோடு போயிற்று. வெளியே பார்த்தால் கண் நல்ல கண். உள்ளே ஒன்றுமில்லை. இது உனக்கு மட்டும் தெரியும்.

உன் ரகசியம் இடது முழங்கால். ஒரு மேட்ச்சில் நீ தப்பாக இறங்கியதிலிருந்து அதற்குள் ஏதோ ஒன்று நழுவிக்கொண்டே இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போவோம். தைலம் தேய்த்து நான்தான் கட்டுப் போடுவேன். இடது காலுக்கு மட்டும் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நல்லாயிருந்த வலது காலுக்கும் போடுவோம். இரண்டு காலிலும் இருந்தால் பகட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் நினைத்தார்கள். “மைசூர் மகாராஜா பட்டி கட்டினு வந்துட்டாரு” என்று கேலி செய்வார்கள். நீயும் சிரிப்பாய்.

என் கண்ணுக்கு நீ கண்டுபிடித்த மருந்து ஒரு சத்தம். வலது பக்கமிருந்து எனக்குப் பந்து வருவதற்கு முன்னால் “ஓய்!” என்று கத்துவாய். நீயே எறிந்தாலும் சரி, வேறு யார் எறிந்தாலும் சரி. அந்தச் சத்தம் வந்த அடுத்த நொடி நான் கையை நீட்டினால் பந்து கையில் இருக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் இது உன் கெட்ட பழக்கம் என்று நினைத்தார்கள். நீ பந்தைத் தொட்டாலே கூட்டம் மொத்தமும் “ஓய்! ஓய்!” என்று கூச்சல் போடும். ஒரு மனுஷன் இத்தனை வருஷம் கோமாளிப் பட்டம் சுமந்தது எதற்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது.

போன வருஷம் ஜூன் மாதம் கேம்ஸ் ஆபீசர் நம்மைக் கூப்பிட்டார். மைசூர்க்காரர், தமிழில் கன்னடம் கலந்துதான் வரும். “நோடப்பா, ரெண்டு பேரும் முப்பத்தஞ்சு தாண்டியாச்சு. இந்த சீசன் முடிஞ்சா பழைய கோச் ரிடையர். கோச் போஸ்ட் ஒண்ணுதான் இருக்கு. ஆளுக்கு ஒரு வாரம் டீம நடத்துங்க, நான் பாக்கறேன். கிடைக்காதவன் டிபார்ட்மெண்ட்டுக்கு வாபஸ்” என்றார். வெளியே வந்து பை டூ காப்பி வாங்கினோம். நீ உன் பாதியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, “இன்னாடா மூஞ்சிய இப்படி வச்சிகினு கீற? யாரு வந்தா இன்னா, ஒருத்தன் இன்னொருத்தன வுட்டுடுவானா?” என்றாய். நான் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். வாபஸ் போனால் எனக்கு லேத். லேத்துக்காரனுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. முதல் பரிசோதனையிலேயே சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் வாரம் உன்னுடையது. இப்போது நினைத்தால் எல்லாம் புரிகிறது. அந்த ஆறு நாளும் நீ வைத்த பயிற்சி ஒவ்வொன்றிலும் எனக்குப் பந்து இடது பக்கமிருந்தே வந்தது. வரிசையில் என்னை எப்போதும் வலது ஓரத்தில் நிறுத்தினாய், எனக்கு வலப்புறம் ஆளே இருக்கக் கூடாது என்று. ஆபீசர் முன்னால் நான் ஒரு பந்துகூட நழுவவிடவில்லை. அன்று நான் நினைத்ததையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? ‘இவன் ஒரே மாதிரிப் பயிற்சியைத் திருப்பித் திருப்பி வைக்கிறான், இவனுக்குக் கோச் வேலைக்கு மூளை பத்தாது’ என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் என்னுடையது. வெள்ளிக்கிழமை வரை நல்லவனாக இருந்தேன். சனிக்கிழமை ஆபீசர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பெனி டாக்டரும் இருந்தார். அவரை வரச்சொன்னது நான்தான். வீரர்களின் தகுதியை டாக்டர் ஒருமுறை பார்த்தால் நல்லது என்று ஆபீசரிடம் பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லியிருந்தேன். அன்றும் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் உனக்குக் கட்டுப் போட்டது நான்தான். தளர்த்திக் கட்டவில்லை, இறுக்கமாக, சுத்தமாகக் கட்டினேன். கட்டில் ஏமாற்றுகிற அளவுக்கு நான் கீழ்த்தரமானவன் இல்லை என்று எனக்கு நானே ஒரு மெடல் குத்திக்கொண்டேன்.

பிறகு விசில் ஊதி, பயிற்சியைச் சொன்னேன். ஓடி வர வேண்டும், இடது காலை ஊன்ற வேண்டும், அந்தக் காலின் மேலேயே சுழன்று பலகையைத் தொட எகிற வேண்டும். ஆளுக்குப் பத்துத் தடவை, நடுவில் நிற்கக் கூடாது. பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்கு அது வெறும் பயிற்சி. உன்னைப் பற்றி ஆபீசரிடம் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை நான். பெயர் சொல்வதற்குத் தைரியம் வேண்டும். பயிற்சி சொல்ல ஒரு விசில் போதும்.

நான் சொல்லி முடித்ததும் நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பந்து எந்தப் பக்கம் வரப்போகிறது என்று பார்ப்பாயே, அதே பார்வை. கால் வலிக்கிறது என்று ஒதுங்கியிருக்கலாம், ஆனால் டாக்டர் அங்கே உட்கார்ந்திருந்தார். வரிசையில் போய் நின்றுகொண்டாய். உன் முறை வந்தது. நான் சத்தமாக எண்ணினேன். ஐந்தாவதில் உன் உதடு வெளுத்தது. ஏழில் சுழலும்போது கை தரையில் பட்டது. எட்டு. ஒன்பதில் நீ எகிறவே இல்லை, கால் மட்டும் ஒரு பக்கம் போயிற்று, நீ இன்னொரு பக்கம் விழுந்தாய். செம்மண் தூசி அடங்குவதற்குள் டாக்டர் எழுந்து வந்துவிட்டார்.

நான் ஓடி வந்து குனிந்தேன். எல்லோரும் பார்க்கிறார்களே, ஓடி வராமல் முடியுமா? நீ என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாய்: “ஒம்பது மச்சான். ஆறுதான் தாங்கும்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. எடுத்து என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் என்ன குறைந்துவிட்டிருக்கும்?

ஆட்டத்துக்குத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதினார். ஆட்டத்துக்குத் தகுதியில்லாதவனுக்கு ஸ்டோர் கிடையாது, சிவப்புச் சீட்டு கிடையாது. திங்கட்கிழமை நீ வார்ப்புப் பட்டறைக்குப் போனாய். மோல்டர் நாள் முழுக்கக் குத்துக்கால் போட்டு மணலில் உட்கார்ந்து அச்சு செய்ய வேண்டும். இது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். முழங்காலை மடக்க முடியாமல் இடது காலை நீட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்து வேலை பார்த்தாயாம். நாலு மாதம் பொறுத்துப் பார்த்த ஃபோர்மேன், “க்யா ரே, இது ஃபேக்டரியா, உன் மாமியார் வீடா?” என்று கேட்டாராம். உட்கார முடியாதவன் நிற்கட்டும் என்று உருகிய இரும்பு தூக்குகிற வேலைக்கு உன்னை மாற்றினாராம். நீண்ட கம்பியின் இரண்டு முனையையும் ஆளுக்கொருவர் பிடித்து நடுவில் இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உலையிலிருந்து அச்சுக்கு நடக்கிற வேலை.

நான் சீசன் முழுக்க விளையாடினேன். விளையாடினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். நீ இல்லாத முதல் மேட்ச்சிலேயே வலது பக்கமிருந்து வந்த பந்து என் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயிற்று. சத்தம் போட ஆளில்லை. கூட்டம் சிரித்தது. இத்தனை வருஷமும் நான் பெரிய ஆட்டக்காரன் என்று தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேனே, உன் தொண்டையை வைத்துத்தான் விளையாடியிருக்கிறேன். உன் காலை உடைத்த அன்றே என் ஆட்டமும் முடிந்துபோயிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் என்று நினைக்கிறேன். மூன்று மணிக்குச் சிவப்புச் சீட்டோடு கேட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வார்ப்புப் பட்டறை வாசலைத் தாண்டும்போது “ஓய்!” என்று கேட்டது. என்னை அறியாமல் இடது பக்கம் துள்ளினேன். வலப்புறத்திலிருந்து வந்த சரக்குத் தள்ளுவண்டி என் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று. திரும்பிப் பார்த்தேன். நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய், முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை. உள்ளே போய்விட்டாய். நானும் கேட்டுக்குப் போய்விட்டேன், பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று. நீ எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

பத்து நாள் கழித்து, உலைக்கும் அச்சுக்கும் நடுவில் வழி திரும்புகிற இடத்தில் உன் முழங்கால் நழுவியது. சட்டியின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் தாவி ஒதுங்கிவிட்டான். உனக்குத் தாவ எந்தக் கால் இருந்தது? இடுப்புக்குக் கீழே வெந்துபோய் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாய். பதினொரு நாளும் நான் வரவில்லை. டோர்னமெண்ட் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். டோர்னமெண்ட் நடந்ததென்னவோ நிஜம். நான் வராததற்குக் காரணம் அதில்லை. உன் கண்ணைப் பார்க்கப் பயந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் மனைவி கன்னியம்மா அழவில்லை. சுருட்டி வைத்த அந்தக் கட்டுத்துணியையும் பாதித் தைலம் இருந்த பச்சைப் புட்டியையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. “எடுத்துனு போண்ணா. இங்க யாருக்கு வேணும்? நான் கட்டினா அவருக்கு நிக்காது. அண்ணன் கட்டினாத்தான் வலி தெரியாதுன்னுவாரு. ஆஸ்பத்திரில கண்ணு முழிக்கறப்பல்லாம் கேட்டாரு, அவன் வந்தானா, வந்தானான்னு. வந்துகினு கீறாருன்னு சொல்லிச் சொல்லியே பதினோரு நாளு ஓட்டினேன்” என்றது. நான் இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஆமாம், சாப்பிட்டேன்.

போன மாதம் ஆபீசர் கோச் வேலைக்கான உத்தரவை நீட்டினார். நீட்டிக்கொண்டே சும்மா பேச்சுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: “உன் ஃப்ரெண்ட் பாவம். அவன் வாரம் முடிஞ்ச அன்னிக்கே என்கிட்ட வந்துட்டான் கணப்பா. ‘அவனையே கோச்சா போடுங்க சார், எனக்கு வேண்டாம், பந்து, நெட்டு பாத்துக்கற வேலை குடுத்து ஸ்டோர்லயே வச்சுக்குங்க, போதும்’னான். நானும் சரின்னுட்டேன். உன் வாரம் சும்மா ஃபார்மாலிட்டிதான். அதுக்குள்ள டாக்டர் முன்னாடியே விழுந்துட்டான். அன்ஃபிட்னு எழுதினப்புறம் நான் ஏன் மாடலி?”

அவர் என்ன செய்ய முடியும்? கோச் வேலை ஏற்கெனவே என் பாக்கெட்டில் இருந்திருக்கிறது. உனக்கு ஸ்டோரும் இருந்திருக்கிறது. சாயந்தரம் பை டூ காப்பியும் இருந்திருக்கிறது. நான் அந்த விசிலை ஊதியிருக்கவே வேண்டாம். நீ ஏன்டா என்னிடம் சொல்லவில்லை? ‘ஃபார்மாலிட்டி முடியட்டும், அவனே தெரிஞ்சுக்குவான், சந்தோஷப்படுவான்’ என்று இருந்துவிட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா? அந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்த உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. செத்தவன் மேல் ஆத்திரப்பட்டால்தான் என் மேல் படாமலிருக்க முடிகிறது.

ஒரு வாரம் உத்தரவைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலைந்தேன். ஹோசூர் ரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கண்ணையும் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். நாலாம் நாள் என் மனைவி, “கோச் ஆனப்புறமாவது உள்ளே குளிக்க ஒரு தடுப்புச் சுவர் கட்டலாமா?” என்று கேட்டாள். அந்தச் சுவரைச் சாக்காக வைத்துக் கையெழுத்துப் போட்டேன். சாக்குத் தேடுகிறவனுக்கு ஒரு சுவர் போதாதா?

இன்று புது சீசனுக்கு ஆள் பொறுக்கினோம். பதினொரு பேர் வந்தார்கள், பத்துப் பேர்தான் வேண்டும் என்றார் ஆபீசர். “போன வருஷம் ஒரு பயிற்சி வெச்சியே, அதான் சரியான பரீட்சை. அதையே வெச்சுடு” என்றும் சொன்னார். உன்னை விழவைத்தது இப்போது ஃபேக்டரியின் பரீட்சை ஆகிவிட்டது.

கொல்லுப்பட்டறையிலிருந்து முனுசாமி என்று ஒருத்தன் வந்திருந்தான். முப்பது வயதிருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். அவன் இறங்கின முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது காலில் இறங்கிவிட்டு இடது காலைப் பின்னால் மெதுவாக வைத்தான். இரண்டு முழங்காலிலும் கட்டு. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எனக்கு இதெல்லாம் எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது பார். அவன் பெயரைச் சொல்லித் தனியாகக் கூப்பிட்டு, ‘இன்றைக்குப் போ, காலைச் சரிசெய்துகொண்டு அடுத்த வருஷம் வா’ என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் முன்னால் விழாமல் போயிருந்தால் அவன் பதிவில் ஒன்றும் ஏறியிருக்காது. சொல்ல வாயும் வந்தது. ஆபீசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டாக்டர். விசிலை வாயில் வைத்தேன்.

விழுந்தவனுக்கு நானே கட்டுப் போட்டேன். என் பையில் உன் துணி இருந்தது, உன் தைலமும் இருந்தது. தேய்த்துவிட்டு, கீழிருந்து மேலே, உனக்குச் சுற்றுகிற மாதிரியே சுற்றினேன். வலியிலும் அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். “நல்லா கட்றீங்க சார். வலியே தெரில” என்றான். எழுந்து போய்ப் பட்டியலில் அவன் பெயரை அடித்தேன்.

நீ அப்போதே கணக்குப் போட்டுச் சொன்னாயே, அதுதான் ஆயிற்று. அவன் ஆறாவதில் விழுந்தான்.